25 பேரும் 32,767உம்: எக்செல் மெக்ரோவில் தரவு வகை அறிவித்தல் பற்றிய ஓர் ஆய்வு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை அதை 1,350 ரூபாவாக உயர்த்தியது. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை என்று கண்டியைச் சுற்றியிருக்கும் தோட்டங்களின் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், ஒருநாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ போடுவது வழக்கம். மாதம் 24 பேர் விழுந்த தொழிலாளிக்கு 1,350 வீதம் 32,400 ரூபா வரும். 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் 32,767 என்ற எண் இருக்கிறது. எக்செல் மெக்ரோவில் ‘இன்டீஜர்’ என்ற முழு எண் வகையாக அறிவித்த மாறி கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண் அது.

1,000 ரூபாச் சம்பளத்தில் ஒருவர் மாதம் 31 நாளும் வேலை செய்தாலும் 31,000 ரூபாதான். அந்தக் காலத்தில் இன்டீஜர் என்று அறிவித்து எழுதிய சம்பளக் கணக்கு ஒரு மாதம்கூடத் தவறியிருக்காது. சம்பளம் உயர்ந்த மாதத்தில், அதுவும் ஒழுங்காக வேலைக்கு வந்தவரின் வரியில், அதே கணக்கு ‘ரன்டைம் எரர் 6: ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்த 1,550 ரூபாவை வைத்துப் பார்த்தால் 22 பேரிலேயே தொகை 34,100 ஆகிவிடுகிறது.

மெக்ரோ எழுதும்போது ஒவ்வொரு மாறிக்கும் தரவு வகை அறிவிக்க வேண்டுமா, அறிவித்தால் எந்த வகையை, அறிவிக்காமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விகளைக் கண்டிப் பகுதியின் கணக்குகளை வைத்தே இக்கட்டுரை ஆராய்கிறது. பெரிய கம்பனிகளுக்குத் தனியான சம்பள மென்பொருள் உண்டு. ஆனால் சிறு தோட்டம், கூட்டுறவுச் சங்கம், நகரத்துக் கணக்காளர் அலுவலகம், பாடசாலைக் காரியாலயம் போன்ற இடங்களில் எக்செல் கோப்பும், அதற்குள் யாரோ ஒருவர் எழுதிவைத்த மெக்ரோவும் பலருடைய பணத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

வகை அறிவிக்காமல் விடும் சுதந்திரம் எங்கிருந்து வந்தது

எக்செல்லின் மெக்ரோ மொழியான விஷுவல் பேசிக் ஃபோர் அப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக விபிஏ, 1993இல் எக்செல் 5 உடன் வந்தது. அதன் முன்னோடி பேசிக் மொழி. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள், கணிதம் படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பதற்காக அதை உருவாக்கினார்கள். எண்ணுக்கு வகை சொல்லும் பாரத்தை மாணவரின் தலையில் ஏற்ற அவர்கள் விரும்பவில்லை. அதற்கும் முன்னர், 1957இல் வந்த ஃபோர்ட்ரானில், ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர்களெல்லாம் தாமாகவே முழு எண்ணாகக் கொள்ளப்பட்டன. பெயரின் முதல் எழுத்தே வகையைத் தீர்மானித்தது.

எதிர்த் திசையில் நின்றது நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல். மாறியின் பெயரையும் வகையையும் முதலில் எழுதாவிட்டால் பாஸ்கல் ஓர் அடிகூட நகராது. நம் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பிள்ளைகள் பாஸ்கல் படிக்கிறார்கள். உயர்தரத்துக்குப் போனதும் வகை அறிவிக்கத் தேவையில்லாத பைதனுக்கு மாறுகிறார்கள். படித்துமுடித்து அலுவலகத்துக்கு வரும்போது கையில் கிடைப்பது விபிஏ. அங்கே இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. ‘டிம்’ என்ற சொல்லுடன் வகையை அறிவிக்கலாம். ஒன்றுமே சொல்லாமலும் விடலாம். சொல்லாமல் விட்ட மாறி ‘வேரியன்ட்’ ஆகிவிடும். எண், எழுத்து, திகதி, பிழை, வெறுமை என்று எதையும் அது ஏற்றுக்கொள்ளும்.

அறிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்

முதல் ஆபத்து எழுத்துப்பிழை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம் கழிக்க வேண்டும். அந்தத் தொகையைக் கணக்கிட்டு ஒரு மாறியில் வைக்கிறோம். பத்து வரி தள்ளி, கையில் கிடைக்கும் சம்பளத்தைக் கணக்கிடும்போது அந்த மாறியின் பெயரில் ஓர் எழுத்துத் தவறிவிடுகிறது. அறிவித்தல் கட்டாயமில்லாத இடத்தில் விபிஏ அதைப் பிழையாகப் பார்ப்பதில்லை. தவறிய பெயரில் புதிதாக ஒரு வேரியன்டை உருவாக்கி, வெறுமையாக இருக்கும் அதன் பெறுமதியைப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிறது. சம்பளத்திலிருந்து பூச்சியம் கழிகிறது. எந்த எச்சரிக்கையும் வராது, பட்டியலும் அழகாக அச்சாகும்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி. மொடியூலின் தலையில் ‘ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ என்று எழுதிவிட்டால், அறிவிக்காத பெயர் எங்கே வந்தாலும் மெக்ரோ ஓடத் தொடங்கும் முன்பே நின்றுவிடும். எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் ஒப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், ‘ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்’ என்ற பெட்டியில் ஒருமுறை அடையாளமிட்டால், அதற்குப் பிறகு திறக்கும் ஒவ்வொரு புதிய மொடியூலிலும் அந்த வரி தானாக வந்துவிடும். பழைய மொடியூல்களில் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து கூட்டலில் இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து காலையிலும் பின்னேரமும் நிறுக்கப்படுகிறது என்று வையுங்கள். மெக்ரோ ‘இன்புட் பொக்ஸ்’ வழியாக இரண்டு நிறையையும் கேட்கிறது. காலையில் 12 கிலோ, பின்னேரம் 15 கிலோ. இன்புட் பொக்ஸ் திருப்பித் தருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். இரண்டு மாறியும் வேரியன்டாக இருந்தால் கூட்டல் குறி அவற்றை ஒட்டிவிடுகிறது. விடை 27 ஆக வராமல் 1215 ஆக வருகிறது. இரண்டையும் ‘டபிள்’ என்ற தசம எண் வகையாக அறிவித்திருந்தால், மாறிக்குள் போகும்போதே சரம் எண்ணாக மாறியிருக்கும்.

இன்னொரு பொறி, அறிவித்துவிட்டோம் என்று நம்புகிறவர்களுக்கு உரியது. ஒரே டிம் வரியில் மூன்று பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, கடைசியில் மட்டும், பெரிய முழு எண்ணுக்குரிய வகையைக் குறிக்கும் ‘ஆஸ் லோங்’ என்று போட்டால், மூன்றாவது மட்டுமே லோங். முதல் இரண்டும் வேரியன்ட். பாஸ்கலில் அப்படி எழுதினால் மூன்றுக்கும் ஒரே வகை கிடைக்கும் என்பதால், சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்தவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக வகை எழுதுவதே பாதுகாப்பு.

அறிவிக்க வேண்டாம் என்போரின் வாதம்

மறுபக்கத்தின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும், ஏனென்றால் அதில் வலு இருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் அறிவிக்காமல் விட்டிருந்தால் அது நின்றிருக்காது. வேரியன்டுக்குள் இருக்கும் இன்டீஜர் எல்லையைத் தாண்டினால் விபிஏ அதைத் தானாகவே லோங் ஆக்கும். லோங்கும் போதாவிட்டால் டபிள் ஆக்கும். ஆக, அந்தக் கணக்கை நிறுத்தியது பிழையான அறிவிப்பு. எதுவும் அறிவிக்காதவரின் மெக்ரோ ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

இன்னும் சொல்வார்கள்: மெக்ரோ ரெக்கோடர் எழுதித் தரும் வரிகளில் அறிவிப்பே இருப்பதில்லை, அவை ஒழுங்காக ஓடுகின்றன. இருபது வரி மெக்ரோவுக்கு ஆறு வரி அறிவிப்பு எதற்கு? கலத்தில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் வகையைக் கட்டிவைத்தால், ‘ஹெஷ் என் ஏ’ போன்ற பிழைப் பெறுமதி ஒன்று வந்ததுமே ‘டைப் மிஸ்மெச்’ என்று மெக்ரோ விழுந்துவிடும்.

இந்த வாதங்களில் உள்ள உண்மைகள் ஒவ்வொன்றும் சரி. அவற்றிலிருந்து எட்டும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நின்றுபோன மெக்ரோ எழுதியவரை உடனே கூப்பிடுகிறது. அன்றைக்கே திருத்திவிடலாம். தவறான தொகையுடன் ஓடி முடித்த மெக்ரோ யாரையும் கூப்பிடாது. சம்பளச் சீட்டு கைக்கு வந்த தொழிலாளிதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் கழிவுகள் நிறைந்த ஒரு சீட்டில், அச்சடித்த எண்ணைச் சந்தேகிக்கும் தைரியம் அவருக்கு வர வேண்டும். ஓவர்ஃப்ளோ சொல்லித் தரும் பாடம் சரியான வகையைத் தேர்ந்தெடு என்பது. வகையே வேண்டாம் என்பது அந்தப் பாடம் ஆகாது.

பேர், கிலோ, ரூபா

சரியான வகையை எப்படித் தேர்ந்தெடுப்பது? பல கைந்நூல்கள் நினைவக அளவிலிருந்து தொடங்குகின்றன: இன்டீஜர் 2 பைட், லோங் 4 பைட், டபிள் 8 பைட். இந்தத் தொடக்கமே வழிதவறச் செய்கிறது. இன்றைய விபிஏ இன்டீஜரை உள்ளே லோங் ஆக மாற்றித்தான் கையாள்கிறது. 2 பைட் மிச்சம் பிடிக்கப்போய் 32,767 என்ற தடையை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். லோங் 214 கோடிக்கு மேல் வரை போகும். முழு எண்ணாக எண்ணும் எல்லாவற்றுக்கும் லோங் போதும். 1,100 தொழிலாளர் உள்ள ஒரு தோட்டத்தில் நாளுக்கு ஒரு நிரை எழுதினால் ஒரு மாதத்தில் 33,000 நிரை சேரும். நிரைகளை எண்ணும் மாறி இன்டீஜராக இருந்தால் மாதக் கடைசியில் அதுவும் நின்றுவிடும்.

இங்கே அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாட்சம்பளமும் பேரும் இன்டீஜர், மொத்தம் மட்டும் லோங் என்று அறிவித்தால் போதும் என்று தோன்றும். போதாது. பெருக்கல் நடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இன்டீஜர் என்பதால் விபிஏ விடையையும் இன்டீஜராகவே ஆக்கப் பார்க்கிறது. மொத்தத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அது நிரம்பி வழிந்துவிடும். வீட்டில் பெரிய சாக்கு விரித்து வைத்திருந்தாலும், அளக்கிற சுண்டு கொள்வதைத்தான் அது கொள்ளும். பெருக்கப்படும் இரண்டில் ஒன்றாவது லோங் ஆகவோ, பணத்துக்குரிய ‘கரன்சி’ வகையாகவோ இருக்க வேண்டும்.

அடுத்தது அரைப் பேர். நாள் முழுக்க வேலை செய்யாதவருக்கும், நிர்ணயித்த கிலோவை எடுக்காதவருக்கும் அரைப் பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அதன் நியாய அநியாயம் தனியாகப் பேச வேண்டிய பெரிய விடயம். கணக்கில் அது 0.5 ஆக வருகிறது. ‘பேர் என்றால் எண்ணிக்கைதானே’ என்று அந்த மாறியை லோங் என்று அறிவித்தால் விபிஏ அரையை முழுதாக்கும். அதற்கு அது கைக்கொள்வது வங்கியாளர் முறை: சரிபாதி வந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 23.5 பேர் 24 ஆகும். 24.5 பேரும் 24 ஆகும். முதலாமவருக்கு 675 ரூபா கூடுகிறது, இரண்டாமவருக்கு 675 ரூபா குறைகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மொத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து சரிபார்ப்பிலும் தப்பிவிடக்கூடும். இந்த இடத்தில் சரியான வகையைச் சொல்ல வல்லவர் அரைப் பேர் என்று ஒன்று இருப்பதை அறிந்தவர், அதாவது செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளை. கணினி மட்டும் தெரிந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

கொழுந்தின் நிறை அளவெடுக்கும் பெறுமதி என்பதால் டபிள் பொருந்தும். பணத்துக்கு அது பொருந்தாது. டபிள் எண்களை இரண்டின் அடிப்படையில் சேமிக்கிறது. 10 சதத்தை, அதாவது 0.1 ரூபாவை, அந்த அடிப்படையில் துல்லியமாக எழுதவே முடியாது. ஆயிரம் வரி கூட்டும்போது இந்த நுண்ணிய விலகல்கள் சேர்ந்து, இரண்டு மொத்தங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் ஒப்பீட்டில் சமமில்லை என்று வரலாம். ‘கரன்சி’ வகை தொகையைப் பத்தாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வதால் நான்கு தசம தானம் வரை துல்லியம் குலையாது. அதன் எல்லை 92 ஆயிரம் கோடியைப் பல மடங்கு தாண்டும். ஒரு தோட்டத்தின் கணக்கு அதைத் தொடப்போவதில்லை.

33,750 ரூபாவையே மறுபடி எடுப்போம். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் 2,700 ரூபா. தொழில்தருநரின் 12 வீதம் 4,050 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் கட்டும் 3 வீதம் 1,012 ரூபா 50 சதம். இந்தத் தொகையை லோங் மாறியில் வைத்தால் வங்கியாளர் முறைப்படி 1,012 ஆகும். அதே தொகையை விரிதாளின் ‘ரவுண்ட்’ சூத்திரத்தில் முழு ரூபாவாக்கினால் 1,013 வரும். தாளும் மெக்ரோவும் ஒரே கோப்புக்குள் இருந்துகொண்டு ஒரு ரூபா வித்தியாசம் காட்டும். கரன்சி என்று அறிவித்தால் 50 சதம் அப்படியே இருக்கும். எங்கே, எந்த விதிப்படி முழுதாக்குவது என்பதை நாமே முடிவுசெய்யலாம்.

அடையாள அட்டையும் தொலைபேசியும்

இலக்கங்களால் ஆனவை எல்லாம் எண்கள் அல்ல. இதை நம் தேசிய அடையாள அட்டை தெளிவாகக் காட்டுகிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம், எழுத்து கிடையாது. பழைய காலத்தில் எழுத்தை வெட்டிவிட்டு, மீதி 9 இலக்கத்தை லோங் மாறியில் வைத்தால் தடையில்லை; 99 கோடி 214 கோடிக்குள் அடங்கும். 12 இலக்க அட்டையுடன் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்த நாளில் அதே மெக்ரோ ஓவர்ஃப்ளோ சொல்லும். எழுத்தை வெட்டாமல் விட்டால் பழைய அட்டைக்கு டைப் மிஸ்மெச் சொல்லும். 

டபிள் என்று அறிவித்தால் 12 இலக்கமும் கெடாமல் இருக்கும். ஆனால் கலத்தில் அது எண்ணாகப் போய் விழுந்ததும், வழமையான ‘ஜெனரல்’ வடிவத்தில் எக்செல் அதை அடுக்குக்குறியீடாக, முதல் சில இலக்கங்களை மட்டும் காட்டிச் சுருக்குகிறது. அந்த நிலையில் சீஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரியும் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. கண்டியின் தொலைபேசிக் குறியீடு 081. எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். வங்கிக் கணக்கிலக்கத்தின் முன்பூச்சியத்துக்கும் இதே கதிதான்; 15 இலக்கத்தை மீறினால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும்.

கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத இலக்க வரிசை எதுவானாலும் அதற்குரிய வகை எழுத்துச் சரமான ‘ஸ்ட்ரிங்’. அடையாள அட்டை, சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், தொலைபேசி, தபால் குறியீடு, வங்கிக் கணக்கு எல்லாமே இதில் அடங்கும். மெக்ரோவில் ஸ்ட்ரிங் என்று அறிவிப்பதோடு, அவற்றை எழுதும் நிரலின் வடிவத்தையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறியில் காத்த பூச்சியத்தைக் கலம் விழுங்கிவிடும்.

திகதி

நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். விண்டோஸ் நிறுவும்போது பிராந்திய அமைப்பை மாற்றாமல் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்ட கணினிகள் நம் ஊரில் எத்தனையோ. அப்படியான கணினியில் ‘05/03/2021’ என்ற சரத்தைத் திகதியாக்கினால் மே 3 ஆகிவிடும். ‘25/03/2021’ஐக் கொடுத்தாலோ 25ஆவது மாதம் கிடையாது என்பதால் விபிஏ தானாகவே இடம்மாற்றி மார்ச் 25 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள் தவிர, மாதத்தின் முதல் 12 நாட்கள் பிழை, மீதி நாட்கள் சரி. பட்டியலின் கீழ்ப்பாதியைப் பார்த்து ஒருவர் ‘எல்லாம் சரி’ என்று கையொப்பமிட்டுவிடலாம்.

மாறியை ‘டேட்’ என்று அறிவிப்பது மட்டும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. சரம் திகதியாக மாறும் கணத்தில்தான் தவறு நடக்கிறது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக எடுத்து ‘டேட் சீரியல்’ என்ற செயற்பாட்டுக்குக் கொடுத்தால் பிராந்திய அமைப்பு குறுக்கே வராது. ஆண்டை நான்கு இலக்கத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு இலக்கமாகக் கொடுத்தால், வழமையான அமைப்பில் 00 முதல் 29 வரை 2000த்துக்குப் பிந்திய ஆண்டுகளாகக் கொள்ளப்படும். பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. 1928இல் பிறந்த ஒரு முதியவரின் அட்டையிலிருந்து 28ஐ அப்படியே எடுத்தால் அவர் 2028இல் பிறந்தவர் ஆகிவிடுவார். ஓய்வூதியப் பட்டியலில் அது பாரதூரமான பிழை.

வரலாற்று ஆய்வாளருக்கு இன்னொரு செய்தி. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்தம் 1815 மார்ச் 2இல் ஆனது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தக முறையில் தேயிலை நட்டது 1867இல். விபிஏயின் டேட் வகை கி.பி. 100 முதல் 9999 வரை கொள்ளும், ஆகவே இரண்டும் அதற்குள் அடங்கும். எக்செல் தாளின் நாட்காட்டியோ 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாட்களைக் கலம் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். பழைய தோட்டப் பதிவேடுகளை எக்செல்லில் ஏற்றுபவர், ஆண்டு, மாதம், நாளை மூன்று தனி நிரல்களில் எழுதுவது நல்லது.

வேரியன்டின் நியாயமான இடம்

வேரியன்டை அடியோடு விலக்கச் சொல்பவர்களும் உண்டு. அது மிகை. ஒரு பெரிய பரப்பின் கலங்களை ஒரே வீச்சில் அணியாக வாசிக்கும் மாறி வேரியன்டாகத்தான் இருக்க வேண்டும். கலத்தில் எண்ணும் எழுத்தும் பிழையும் கலந்திருக்கலாம் என்பதே காரணம். இப்படி ஒரே வீச்சில் வாசிப்பது கலங்களை ஒவ்வொன்றாகத் தொடுவதைவிடப் பல மடங்கு வேகமானது. வகைகளைச் சுருக்கிக் கிடைக்கும் வேகம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

அதைவிட முக்கியமான காரணம் வெறுமை. தோட்டத்து மழைமானிப் பதிவில் ஒருநாள் கலம் காலியாக இருந்தால் அன்று யாரும் அளவெடுக்கவில்லை என்று பொருள். 0 என்று இருந்தால் அளந்து பார்த்தார்கள், மழை இல்லை. காலிக் கலத்தை நேரடியாக டபிள் மாறிக்குள் வாங்கினால் அது 0 ஆகிவிடும். அளவெடுக்காத நாள் வறண்ட நாளாகப் பதிவாகும். மாதச் சராசரி பொய் சொல்லும். வேரியன்டில் வாங்கி, ‘இஸ் எம்ப்டி’, ‘இஸ் எரர்’, ‘இஸ் நியூமெரிக்’ ஆகிய மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே உரிய வகைக்கு மாற்ற வேண்டும். இஸ் நியூமெரிக் காலிக் கலத்துக்கும் ‘ஆம்’ என்றே சொல்லும் என்பதால், வெறுமையைப் பற்றிய கேள்வி முதலில் வர வேண்டும். தரவு உள்ளே நுழையும் வாசலில் வேரியன்ட், உள்ளே கணக்கு நடக்கும் இடத்தில் உறுதியான வகை என்பதே சரியான பங்கீடு.

தமிழ்ப் பெயர்கள்

கண்டியின் சம்பளப் பட்டியல்களில் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் வருகின்றன. ஸ்ட்ரிங் மாறி உள்ளே யூனிகோட் என்பதால், கலத்திலிருந்து தமிழ்ப் பெயரை வாங்கி இன்னொரு கலத்தில் எழுதினால் எதுவும் கெடாது. ஆனால் விபிஏ எடிட்டரும் ‘மெசேஜ் பொக்ஸ்’ செய்திப் பெட்டியும் யூனிகோடுக்கு முந்திய முறையிலேயே நின்றுவிட்டன. மெக்ரோ வரியில் தமிழை நேராகத் தட்டச்சுச் செய்தால் கேள்விக்குறிகளாகிவிடும். தமிழ்ச் சொற்களை ஒரு தாளின் கலங்களில் எழுதிவைத்து அங்கிருந்து எடுப்பதே எளிய வழி.

நிலையான நீளமுள்ள ஸ்ட்ரிங்கையும் தமிழ்ப் பெயர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. ‘மீனாட்சி’ நமக்கு நான்கு எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் விபிஏக்கு அது எட்டு. நீளம் ஐந்து என்று அறிவித்த மாறிக்குள் ‘மீனாட’ மட்டுமே தங்கும். சேமலாப நிதிக் கோப்பில் ஒருவருடைய பெயர் இப்படி வெட்டுப்பட்டால், பின்னாளில் பணம் எடுக்கும்போது அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் அவரே.

உலகம் தந்த பாடம்

1996 ஜூன் 4இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கெட் தன் முதல் பறப்பில் 40 செக்கனுக்குள் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது எல்லையை மீறியதே காரணம். 16 பிட்டின் எல்லை அங்கேயும் 32,767தான். அந்தச் செய்நிரல் பகுதி ஏரியான் 4இலிருந்து எடுத்துப் பொருத்தியது. பழைய ரொக்கெட்டின் பாதையில் அந்தப் பெறுமதி ஒருபோதும் அவ்வளவு உயர்ந்ததில்லை. 2020இல் இங்கிலாந்தில் கொவிட் தொற்றாளர் 15,841 பேரின் விபரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது, 65,536 நிரை மட்டுமே கொள்ளும் பழைய எக்செல் கோப்பு வடிவத்தால்.

இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. எழுதியபோது எல்லை போதுமானதாக இருந்தது. பிறகு உலகம் வளர்ந்தது. 1,000 ரூபாச் சம்பளமும் 9 இலக்க அடையாள அட்டையும் இதே கதையைத்தான் சொல்கின்றன. ஒரு மாறிக்கு வகை அறிவிக்கும்போது, அந்தப் பெறுமதி இனி எவ்வளவு தூரம் போகலாம், எதன் பாகமாகப் பிரியலாம், எப்போது காலியாக இருக்கலாம் என்று நாம் உறுதி கூறுகிறோம். இன்று கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களை எண்ணிப் பார்த்து அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. அந்த எண் தோட்டத்தில், அலுவலகத்தில், சட்டத்தில் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால்தான் கொடுக்க முடியும்.

என்ன செய்யலாம்

அறிவிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் முடிவு. எல்லா மொடியூலிலும் ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இருக்கட்டும். எண்ணிக்கைக்கு லோங், பணத்துக்குக் கரன்சி, நிறைக்கும் அரைப் பேருக்கும் டபிள், அடையாள இலக்கங்களுக்கு ஸ்ட்ரிங், நாளுக்கு டேட், கலங்களை வாசிக்கும் வாசலுக்கு வேரியன்ட் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான அலுவலக மெக்ரோவுக்கு அதுவே போதும். இன்டீஜரைப் புதிதாக எழுதும் எதிலும் பயன்படுத்தத் தேவையில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெக்ரோக்களை வைத்திருப்பவர்கள், அடுத்த சம்பள வர்த்தமானி வரும்வரை காத்திருக்காமல் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, நாட்சம்பளத்தை 3,000 ரூபாவாக்கி, ஒருவருக்கு 31 பேர், இன்னொருவருக்கு 24.5 பேர், வேறொருவருக்குக் காலிக் கலம், ஒருவருக்கு 12 இலக்க அடையாள அட்டை என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். விடையைக் கையால் போட்ட கணக்குடன் ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை அது.

கற்பிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாதாரண தர வகுப்பில் பாஸ்கல் அறிவிப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது, நிறைவெண், மெய்யெண் என்ற வரைவிலக்கணத்தோடு நிறுத்திவிடாமல் ஒரு செக்ரோல் தாளையும் பிள்ளைகளின் முன் வையுங்கள். தாயின் சம்பளச் சீட்டில் எந்த நிரலுக்கு எந்த வகை வேண்டும், ஏன் என்று அவர்களே சொல்லட்டும். கண்டித் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று எந்தப் பாடநூலையும்விட நன்றாகத் தெரியும். நாளை அந்த அலுவலகங்களில் அமர்ந்து மெக்ரோ எழுதப்போகிறவர்களும் அவர்களே. அவர்கள் அறிவிக்கும் வகை சரியாக இருந்தால், 25 பேர் போட்ட தொழிலாளியின் 33,750 ரூபா சதம் குறையாமல் அவர் கணக்கில் பதிவாகும்.